தெருவுக்கு வடிகால் வேண்டுமா? வார்டிலிருந்து ரிப்பன் மாளிகை வரை உங்கள் மனு போகும் வழி

சென்னையில் எங்கள் தெருவில் ஒவ்வொரு ஐப்பசிக்கும் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். மூன்று வருஷம் விடாமல் மாநகராட்சியின் புகார் எண்ணான 1913க்குப் போன் போட்டோம். ஒவ்வொரு தடவையும் மோட்டார் கொண்டுவந்து இறைத்துவிட்டுப் போனார்கள், புகாரும் முடிந்தது என்று செய்தி வந்தது. அவர்கள் மேல் தப்பில்லை. தண்ணீர் நிற்கிறது என்று சொன்னோம், எடுத்தார்கள். தெருவுக்கு மழைநீர் வடிகாலே கிடையாது என்பதை நாங்கள் யாருக்கும் எழுதிக் கொடுத்ததே இல்லை. எதிர்வீட்டு அக்காதான் சொன்னார்: "தண்ணி எடுக்கணும்னா போன் போதும் தம்பி. வடிகால் வேணும்னா அது பட்ஜெட்ல ஏறணும். அதுக்கு கவுன்சிலரைப் பாக்கணும்."

அந்தப் பேச்சுக்குப் பிறகு அலைந்து தெரிந்துகொண்டதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். சென்னையை வைத்துத்தான் சொல்கிறேன். கோவை, மதுரை, திருச்சி என்று மற்ற மாநகராட்சிகளில் துறைகளின் பிரிவும் எண்ணிக்கையும் மாறும், ஆனால் வார்டு, மண்டலம், மாமன்றம், ஆணையர் என்ற அமைப்பு பெரிய மாநகராட்சிகளில் ஏறக்குறைய இதேதான்.

முதலில், அது மாநகராட்சி வேலைதானா?

இதில்தான் பெரும்பாலோர் ஆறு மாதத்தை வீணடிக்கிறார்கள், நாங்களும்தான். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. பாதாளச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் சென்னைக் குடிநீர் வாரியத்துடையது. தெருவில் நிற்பது மழைத் தண்ணீரா சாக்கடைத் தண்ணீரா என்று பார்க்காமல் மனு எழுதினால், அது "எங்கள் துறை சார்ந்ததல்ல" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வரும். மழை இல்லாத நாளிலும் வட்ட மூடி வழியாக நாற்றத்தோடு பொங்கினால் அது வாரியம், 044 4567 4567க்கு அழையுங்கள். மழை பெய்தால் மட்டும் தெரு குளமாகிறது என்றால் மாநகராட்சி. இரண்டும் கலந்தும் இருக்கலாம். நிறைய இடங்களில் வீட்டுக் கழிவுநீரைத் திருட்டுத்தனமாக மழைநீர் வடிகாலில் விட்டிருப்பார்கள், அப்போது இரண்டு இடத்துக்கும் தனித்தனி மனு போட வேண்டும். ஒன்றின் நகலை மற்றொன்றோடு இணைத்துவிடுங்கள்.

தெருவிளக்கு மாநகராட்சி. மின்கம்பம், மின்மாற்றி, அறுந்த வயர் எல்லாம் மின்வாரியம், 94987 94987. உட்புறச் சாலைகளும் பேருந்துச் சாலைகளில் பெரும்பாலானவையும் மாநகராட்சி, சில பெரிய சாலைகள் மட்டும் நெடுஞ்சாலைத் துறை. ஆறும் ஏரியும் நீர்வளத் துறை. சிக்னலும் ஒருவழிப் பாதையும் போக்குவரத்துக் காவல். குப்பை, பூங்கா, கொசு மருந்து, பிறப்பு இறப்புச் சான்று, மயானம், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், சென்னைப் பள்ளிகள் என்று பெயர் வைத்திருக்கும் மாநகராட்சிப் பள்ளிகள், அம்மா உணவகம் எல்லாம் மாநகராட்சி.

இப்படிப் பிரிந்து கிடப்பது மக்களுக்குப் பெரிய சுமை என்றுதான் நான் நினைக்கிறேன். 1992இல் நிறைவேறிய 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர அமைப்புகளுக்குக் கொடுக்கலாம் என்று 18 பொறுப்புகளைப் பட்டியல் போட்டது. குடிநீரும் அதில் ஒன்று. ஆனால் சென்னையில் அது இன்னும் மாநில அரசின் வாரியத்திடம்தான் இருக்கிறது, அந்த வாரியத்தின் அதிகாரியை மாமன்றம் நேரடியாக எதுவும் செய்ய முடியாது. கவுன்சிலரிடம் போய் குடிநீர் வரவில்லை என்று கத்துவதற்கு முன்னால் இதை நினைவில் வையுங்கள். அவரும் உங்களைப் போலவே வாரியத்தைக் கேட்க வேண்டியவர்தான், என்ன, அவர் கேட்டால் கொஞ்சம் சீக்கிரம் காதில் விழும்.

யார் எந்த நாற்காலியில்

சென்னையில் 200 வார்டுகள். வட்டம், டிவிஷன், வார்டு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது இதுதான். 2011இல் நகரம் 176 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது இந்த 200 வார்டுகளும், அவற்றைச் சேர்த்துக் கட்டிய 15 மண்டலங்களும் வந்தன. வார்டுக்கு ஒரு மாமன்ற உறுப்பினர், அதாவது கவுன்சிலர். கவுன்சிலர்கள் எல்லாரும் கூடும் இடம் மாமன்றம், மாநகராட்சித் தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகையில் மாதத்துக்கு ஒரு தடவைபோல் கூடும். மேயரை இப்போது நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

மன்றம் தீர்மானம் போடும். அதை நிறைவேற்றுகிறவர் ஆணையர், ஐ.ஏ.எஸ். அதிகாரி, அவரை நியமிப்பது மாநில அரசு. மேயர் ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே ஜே.சி.பி. வந்து நிற்கும் என்று நம்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பணம் ஒதுக்கிச் செய்யும் எந்த வேலைக்கும் கோப்பு வேண்டும், மதிப்பீடு வேண்டும், ஒப்புதல் வேண்டும், டெண்டர் வேண்டும். தொகையைப் பொறுத்து அந்த ஒப்புதல் அதிகாரி மட்டத்திலேயே முடியலாம், இல்லையென்றால் நிலைக்குழு, மாமன்றம், சில சமயம் அரசு வரைக்கும் போகும். நிலைக்குழு என்பது பணிகள், சுகாதாரம், கல்வி, நகரமைப்பு, வரி மற்றும் நிதி, கணக்கு என்று பொருள்வாரியாகக் கவுன்சிலர்கள் உட்காரும் சிறு குழு. வடிகால், சாலை என்றால் பணிகள் குழு.

இந்த ஏணியில் நம் கைக்கு எட்டுகிற படிகள் இரண்டு. ஒன்று கவுன்சிலர். இன்னொன்று வார்டின் உதவிப் பொறியாளர், எல்லாரும் ஏ.இ. என்று சொல்கிறவர். மதிப்பீடு அவர் கையில்தான் பிறக்கிறது. கவுன்சிலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஏ.இ. வந்து அளந்து எஸ்டிமேட் போடவில்லை என்றால் வேலை தாளில்கூட ஏறாது. கவுன்சிலர் கேட்காமல் ஏ.இ. தானாக எடுத்துக்கொண்டு மேலே போவதும் அபூர்வம். இரண்டு பேரையும் ஒரே வாரத்தில் பார்த்துவிடுங்கள், மனுவை இரண்டு பேருக்கும் கொடுங்கள்.

கவுன்சிலர் இருப்பதால் என்ன பெரிய லாபம் என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்கள் கொஞ்சம் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். 1688இல் தொடங்கிய, இந்தியாவிலேயே மிகப் பழைய மாநகராட்சி இது. அப்படிப்பட்ட ஊரில் 1973இல் மன்றம் கலைக்கப்பட்டு 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலரே கிடையாது. மறுபடி 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2022 பிப்ரவரி 19இல் தேர்தல் நடக்கும் வரை ஐந்து வருஷத்துக்கு மேல் அதிகாரிகளே நடத்தினார்கள். அந்த வருஷங்களில் தெரு விளக்கு எரியவில்லை என்றால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்றே தெரியாது. இப்போது அந்த வாசல் இருக்கிறது, அதுவும் வார்டுகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பெண் கவுன்சிலர் இருக்கும் வார்டில், அவருடைய கணவரிடமோ அண்ணனிடமோ மனுவைக் கொடுக்காதீர்கள். "மேடம் இருக்காங்களா, அவங்களைத்தான் பாக்கணும்" என்று நின்று கேளுங்கள். ஓட்டு வாங்கி ஜெயித்தவர் அவர், மன்றத்தில் எழுந்து பேசப் போகிறவரும் அவர்தான்.

புகாரா, கோரிக்கையா?

ஏற்கெனவே இருக்கும் ஒன்று கெட்டுப்போனால் அது புகார். எரியாத விளக்கு, அள்ளாத குப்பை, சாலைப் பள்ளம், உடைந்த வடிகால் மூடி. இதற்குக் கவுன்சிலரைத் தேடிப் போக வேண்டியதில்லை, 1913 அல்லது நம்ம சென்னை செயலி போதும். படம் எடுத்துப் போடுங்கள், இடத்துக்குப் பக்கத்துக் கதவு எண்ணைக் குறிப்பிடுங்கள், புகார் எண்ணைத் தனியாக எழுதி வையுங்கள். வேலை நடக்காமலே முடிந்துவிட்டதாகச் செய்தி வந்தால் அன்றைய படத்தோடு மறுபடி பதியுங்கள், முந்தைய எண்ணையும் சேர்த்து.

இதுவரை இல்லாத ஒன்றைக் கேட்பது கோரிக்கை. புது வடிகால், புது விளக்குக் கம்பம், பூங்கா, பள்ளிக்கு இன்னொரு வகுப்பறை. இதைப் புகாராகப் பதிந்தால் எங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். மூன்று வருஷப் புகார் எண்கள் கடைசியில் வேறு விதத்தில் கைகொடுத்தன. பதினோரு புகார் எண்களையும் தேதியோடு மனுவில் வரிசையாக எழுதினோம், ஏ.இ. அதைத்தான் முதலில் படித்தார். ஒவ்வொரு மழைக்கும் மோட்டார் அனுப்பியிருக்கிறார்கள் என்பதை அவர்களுடைய பதிவே சொல்கிறது, நாம் நிரூபிக்க வேண்டியதில்லை.

மனுவை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். தெருப் பெயர், வார்டு எண், மண்டலம், எத்தனை மீட்டர், எத்தனை வீடு, தண்ணீர் எந்தப் பக்கம் தேங்குகிறது, பக்கத்தில் வடிகால் இருக்கும் தெரு எது என்பது போதும். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் வடிகால் கட்டினால் மட்டும் தண்ணீர் போய்விடாது, அது போய்ச் சேர ஓர் இடம் வேண்டும், அந்த இணைப்பு எங்கே என்பதுதான் பொறியாளர் கேட்கும் முதல் கேள்வி. நாங்கள் ஒரு வெள்ளைத்தாளில் கையால் படம் வரைந்து, எந்த வீட்டு வாசலில் எத்தனை அங்குலம் தண்ணீர் நின்றது என்று குறித்து இணைத்தோம். தெருவில் இருக்கிற எல்லார் கையெழுத்தும் வாங்குங்கள், குடியிருப்போர் சங்கம் இருந்தால் அதன் பேரில் கொடுங்கள், வாடகைக்கு இருப்பவர்களையும் விடாதீர்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் எந்த அலுவலகத்தை விட்டும் கிளம்பாதீர்கள்.

எப்போது கேட்பது?

மழை கொட்டும்போது வாசலில் நின்று கேட்டால் மோட்டார்தான் வரும். மாநகராட்சி பட்ஜெட் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் மன்றத்தில் வைக்கப்படுகிறது. அதற்கு முன்பே உங்கள் தெரு பட்டியலில் இருக்க வேண்டும் என்றால், தீபாவளி முடிந்த கையோடு, தண்ணீர் நின்ற படம் சூடாக இருக்கும்போதே மனு போக வேண்டும். பொங்கலுக்குள் ஏ.இ. வந்து அளந்தாரா என்று பாருங்கள்.

சின்ன வேலைகளுக்கு இவ்வளவு காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு கவுன்சிலருக்கும் வார்டு மேம்பாட்டு நிதி இருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் அதை 50 லட்சத்திலிருந்து 60 லட்சம் ரூபாயாக உயர்த்தியதாக அறிவித்தார்கள். விளக்கு, நடைபாதை, பூங்காவில் விளையாட்டுச் சாமான், பள்ளியில் பழுது என்று பிரித்தால் அறுபது லட்சம் ஒன்றும் பெரிய தொகையில்லை, நிதியாண்டு தொடங்கிய ஏப்ரல், மே மாதத்திலேயே போய்க் கேட்கிற தெருவுக்குத்தான் கிடைக்கும். நீளமான வடிகால் இதற்குள் அடங்காது. அது பெரிய திட்டங்களில் வரும், கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதிக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன், கோவளம் பகுதிக்கு ஜெர்மன் வங்கிக் கடன் என்ற மாதிரி. உங்கள் தெரு அப்படி ஒரு திட்டத்தின் எல்லைக்குள் வருகிறதா, வந்தும் விட்டுப்போனதா என்று மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். விட்டுப்போன தெரு என்றால் மனுவில் அந்த வார்த்தையையே எழுதுங்கள்.

அப்புறம் பகுதி சபை. கிராமத்தில் கிராம சபை மாதிரி நகரத்திலும் வேண்டும் என்று பல வருஷம் கேட்டு, 2022இல்தான் தமிழ்நாட்டில் இதற்கு விதிகள் வந்தன. அந்த வருஷம் நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சிகள் தினத்தில் முதல் கூட்டங்கள் நடந்தன. சென்னையில் ஒரு வார்டு பத்துப் பகுதிகளாகப் பிரியும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதிநிதி, அவர்கள் எல்லாரும் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழுவில் உட்காருவார்கள். பகுதி சபைக்கு அந்தப் பகுதியின் வாக்காளர் யாரும் போகலாம். நான் போன முதல் கூட்டத்தில் இருபது பேர்கூட இல்லை, அதில் பாதிப் பேர் கட்சிக்காரர்கள். அது எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அதிகாரிகள் வந்து உட்கார்ந்து நாம் சொல்வதைக் குறிப்பில் எழுதும் இடம் நமக்கு வேறெங்கும் கிடையாது. கூட்டம் எப்போது என்று வார்டு அலுவலகத்தில் கேட்டு வையுங்கள், தெரு வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள், பத்துப் பேராகப் போங்கள். பேசியது போதாது, "இது தீர்மானமாகப் பதிவாகணும்" என்று சொல்லி, பதிவானதா என்று படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கவுன்சிலரிடம் இன்னொன்றும் கேட்கலாம். மாமன்றத்தில் கேள்வி நேரமும், ஜீரோ அவர் என்கிற நேரமில்லா நேரமும் உண்டு, வார்டுப் பிரச்சினையை அங்கே எழுப்பலாம். மண்டலக் குழுக் கூட்டத்திலும் பேசலாம், அங்கே குடிநீர் வாரிய அதிகாரிகளும் வருவது வழக்கம் என்பதால் இரண்டு துறை கலந்த பிரச்சினைக்கு அதுதான் சரியான இடம். அவர் பேச வேண்டும் என்றால் கையில் விவரம் வேண்டும். நாங்கள் ஐந்தே வரியில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தோம், அப்படியே வாசித்தார். கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம்தான், அதுவும் 2023க்குப் பிறகு வந்தது. விவரம் திரட்ட ஆள் வைத்துக்கொள்ளும் வசதி பல பேருக்கு இல்லை, அந்த உதவியை நாம் செய்யலாம். 2023இல் தொடங்கிய மக்களைத் தேடி மேயர் முகாம் உங்கள் மண்டலத்துக்கு வந்தால் அதே மனுவின் நகலை அங்கேயும் கொடுங்கள்.

கொடுத்த பிறகு

கோப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். "எப்ப சார் வேலை நடக்கும்?" என்றால் "சீக்கிரம் நடக்கும்" என்று பதில் வரும். "எஸ்டிமேட் போட்டாச்சா? யார் டேபிளில் இருக்கு? ஒப்புதல் ஆனதா, டெண்டர் விட்டாச்சா, ஒர்க் ஆர்டர் கொடுத்தாச்சா?" என்று கேட்டால் ஒரு தேதியாவது வாயில் வரும். டெண்டர் விட்டிருந்தால் தமிழக அரசின் டெண்டர் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், வார்டு எண்ணைப் போட்டுத் தேடுங்கள்.

இரண்டு மாதம் ஓடியும் பதில் இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள், ஆன்லைனிலும் வழி இருக்கிறது. 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. இன்ன தேதியிட்ட மனுமீது எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் நகல், மதிப்பீட்டின் நகல், மன்றத் தீர்மானம் இருந்தால் அதன் எண்ணும் நகலும் என்று ஆவணமாகக் கேளுங்கள். எங்கள் விஷயத்தில் இந்தக் கடிதம் போன மூன்றாவது வாரம் அளக்க வந்துவிட்டார்கள்.

வரி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை, ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. 2022இல் வரியை உயர்த்தினார்களே, பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்குக் குறைந்த வீட்டுக்கு 50 சதவீதமும் 1,800 சதுர அடிக்கு மேல் 150 சதவீதமும் ஏறியதே, அதுவும் மாமன்றத் தீர்மானமாக வந்ததுதான். கட்டின ரசீதின் நகலை மனுவோடு வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, எவராவது கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

வேலை தொடங்கினால்

அப்போதுதான் பெரும்பாலோர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போகிறார்கள், தூசி, சத்தம், வண்டி எடுக்க முடியவில்லை என்று. தயவுசெய்து வெளியே நில்லுங்கள். வேலையின் பெயர், தொகை, ஒப்பந்ததாரர், முடிக்கும் தேதி எழுதிய பலகை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஏ.இ.யிடம் கேளுங்கள். வடிகாலின் அடித்தளம் தண்ணீர் போகும் பக்கம் சரிகிறதா என்று கேளுங்கள். சாலையிலிருந்து தண்ணீர் உள்ளே இறங்கும் வாய்களும் வண்டல் தொட்டிகளும் எத்தனை மீட்டருக்கு ஒன்று என்று மதிப்பீட்டில் இருக்கும், அதன்படி வைக்கிறார்களா என்று எண்ணுங்கள். வடிகாலைக் கட்டிவிட்டு வாய் வைக்காமல் போன தெருக்களை நான் பார்த்திருக்கிறேன், தண்ணீர் அதன் மேலேயே நிற்கும். தோண்டின பள்ளத்தைச் சுற்றித் தடுப்பு இல்லை என்றால் அன்றைக்கே 1913க்குப் போன் போடுங்கள், அதற்குக் காத்திருக்கக் கூடாது, இருட்டில் குழந்தைகள் நடக்கிற தெரு அது.

வடிகால் முடிந்து சாலை போட வரும்போது இன்னும் கவனம் வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும், மில்லிங் என்பார்கள். அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு 2021இல் இதை வலியுறுத்தி எல்லாத் துறைகளுக்கும் எழுதினார். சுரண்டாமல் மேலேயே போட்டால் சாலை உயர்ந்து, அடுத்த மழைக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வரும், வடிகால் கட்டியதற்கே அர்த்தம் இல்லாமல் போகும். பெரும்பாலும் ராத்திரியில்தான் போடுவார்கள். எங்கள் தெருவில் நான்கு பேர் முறை வைத்து விழித்திருந்தோம், சுரண்டும் இயந்திரம் வரும் வரை தார் லாரியை நிறுத்தச் சொன்னோம், நிறுத்தினார்கள். வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தை வேலைக்கு முன்னும் பின்னும் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் தேதியைக் குறித்து வையுங்கள். ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட காலத்துக்குள் உடைந்தாலோ சரிந்தாலோ ஒப்பந்ததாரரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும், அந்தக் காலம் எவ்வளவு என்பதை ஏ.இ.யிடம் எழுத்தில் வாங்குங்கள். முதல் பெரிய மழை பெய்யும் நாளில் குடையோடு தெருவின் இரண்டு முனைக்கும் நடந்து, தண்ணீர் எங்கே இறங்குகிறது எங்கே நிற்கிறது என்று வீடியோ எடுங்கள். எங்கள் தெருவில் மேற்கு முனையில் மட்டும் இன்னும் ஒரு சாண் நிற்கிறது. அதற்கான மனுவில் போன வாரம்தான் முத்திரை வாங்கினோம்.